நாலு பேருக்கு மேல் கூடாது

அளவில்லாமல் சாப்பிடலாம் என்று எழுதிப் போட்டிருந்த ஓட்டலுக்குப் போய், பசியோடு வீடு திரும்பி, அடுப்பங்கரையில் நின்றபடியே பழைய சோற்றில் மோரை ஊற்றிக் குடித்தவன் நான். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சாப்பிடாமல் மீதி வைத்ததற்கு அபராதம் வேறு கட்டினேன். எந்த ஓட்டல், எந்தக் கிழமை, யார் யார் வரவேண்டும் என்று அத்தனையையும் யோசித்து ஏற்பாடு செய்தவனும் நானேதான். அதற்கு முந்தின வாரம் முழுவதும் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனைவி சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நான் சொல்வது மேல்.

எல்லாம் என் மச்சானால் வந்தது. மனைவியின் மூத்த அண்ணன். சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் வீடு. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில் போர்மேன். எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். மேஜை நாற்காலியைத் தேடாதீர்கள். காய்ந்த காட்டுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ரூம்கள்தான் ஆபீஸ். ஒல்லியான மனிதர். வெள்ளைக் கதர்ச் சட்டை, நாலு முழ வேட்டி, வெறுங்கால். குரலை உயர்த்தி ஒருநாளும் பேசமாட்டார். உயர்த்தியிருந்தால் சண்டையாவது போட்டுத் தீர்த்திருக்கலாம். அவரோடு சண்டை போட வழியில்லாததுதான் எங்கள் குடும்பத்தின் நிரந்தர வியாதி.

ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்கார்ந்து வேலை செய்யக்கூடாது என்பது ஆபீஸ் சட்டம். கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். வழியில் சாமான் கிடக்கக்கூடாது. இரும்பும் இரும்பும் உரசக்கூடாது. நைலான் துணி ஆகாது. மற்ற போர்மேன்கள் சாயங்காலம் வேனில் ஏறும்போது இந்தச் சட்டங்களை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வருவார்கள். காலையில் வேனில் ஏறும்போதே விட்டுவிடுகிறவர்களும் உண்டு, அது வேறு கதை. மச்சான் மட்டும் ஒன்று விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

என் நிச்சயதார்த்தம் அவர் வீட்டு முன்னறையில் நடந்தது. நடந்தது என்று சொல்கிறார்கள். தட்டு மாற்ற என் அப்பா, அவர்கள் அப்பா, இரண்டு பக்கத்து அம்மாக்கள். கணக்கு முடிந்துவிட்டது. நான் ஐந்தாவது ஆள். "மாப்ளே, நீங்க அப்படிக் காத்தாட வெளிய இருங்க" என்று தோளில் கைவைத்து, அத்தனை பிரியமாக என்னை வாசலுக்குக் கொண்டுவந்து விட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் நிச்சயதார்த்தத்தை நானே எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த ஒருவர், "தம்பி பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டார். என்ன சொல்வது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

ஆபீஸில் வெடிமருந்து ரூமுக்குள் நுழையுமுன் வாசலில் பதித்திருக்கும் செப்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்கு இறங்கிவிடும். கை பழகிப்போய், எந்த வீட்டுக்குப் போனாலும் மச்சான் வாசலில் குனிந்து தரையைத் தொட்டுவிட்டுத்தான் நுழைவார். விவரம் தெரியாதவர்கள் அவரைப் பெரிய பக்திமான் என்று நினைத்தார்கள். எங்கள் எதிர்வீட்டு அம்மா, "படிச்சவுகன்னு பேரு, நீங்க செருப்போட ஏறுறீக. உங்க மச்சானப் பாருங்க, வாசப்படியத் தொட்டுக் கும்பிட்டு வாராரு" என்று எனக்குப் புத்தி சொன்னார். மச்சான் மறுக்கவில்லை. "எதுக்காகத் தொட்டா என்ன மாப்ளே, தொட்டாச் சரிதான்" என்றார்.

அவரோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு முறை பஸ்ஸில் போனோம். போனோம் என்பதும் பாதி உண்மை. ஏறியதும் பின்பக்கத்து அவசர வழிக் கதவைத் திறந்து காட்டச் சொன்னார். கண்டக்டர், "அது திறக்காதுண்ணே. துருப்பிடிச்சு வருசக்கணக்காச்சு" என்றார். "அப்ப எறங்கிக்கிருவோம்" என்றார் மச்சான். கோபமே இல்லை. மூட்டை முடிச்சோடு எங்களையும் இறக்கினார். அடுத்த பஸ்ஸிலும் அதே கேள்வி, அதே இறக்கம். மூன்றாவது பஸ் கண்டக்டர் மகராசன், ஒரு எத்து எத்தினான், கதவு திறந்துகொண்டது. மச்சான் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. கதவு மறுபடி மூட மறுத்ததால் வழிநெடுக ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே வந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்த கல்யாணத்தில் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் வீட்டில் கரண்டி எல்லாம் மரம். அடுப்பில் தீ எப்போதும் சிறுபிள்ளை விரல் அளவு. அதற்கு மேல் ஏற்றினால் எங்கிருந்தோ வந்து குறைத்துவிடுவார். "இவுகளுக்கு வாக்கப்பட்டு வந்ததுல இருந்து ஒரு தோசை முறுகலாத் தின்னதில்ல. எல்லாம் வெளுத்த தோசை" என்று அக்கா, அதாவது அவர் மனைவி, வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். தீபாவளிக்கு என் மகனை அங்கே அழைத்துப்போனது ஒரே ஒரு முறை. பட்டாசு செய்கிற வீட்டில் தீபாவளி என்று ஆசை ஆசையாகப் போனான். மணல் வாளி, தண்ணி வாளி, சட்டையை மாற்றுதல், காற்றின் திசை பார்த்தல் எல்லாம் முடிந்து ஒரு கம்பி மத்தாப்பைக் கொளுத்துவதற்குள் தெருவே வெடித்து முடித்துவிட்டு டிவி பார்க்கப் போயிருந்தது.

ஏன் இப்படி ஆனார் என்று நான் கேட்டதில்லை. எங்கள் பக்கம் யாரும் அதைக் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான். அவருக்குக் கீழே வேலை செய்த பெண்கள் அவரைத் திட்டாத நாள் கிடையாது. சீசன் நேரத்தில் வேலை ஓடவிடாமல் ரூம் ரூமாக வந்து ஆளை எண்ணினால் திட்டாமல் என்ன செய்வார்கள்? ஆனால் வேறு போர்மேனிடம் மாறிப் போகிறாயா என்றால் ஒருத்தியும் மாறமாட்டாள். இது எனக்கு அப்போதும் தெரியும். தெரிந்தும் எரிச்சல் குறைந்தபாடில்லை.

இப்போது அவர் மகள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே மகள். பி.காம். முடித்துச் சிவகாசியில் டைரி அச்சடிக்கிற ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்தாள். அப்பாவின் நிறம், அப்பாவின் நிதானம், அத்தையின் வாய். இரண்டு வரன்கள் வந்து, இரண்டும் மச்சானால் போயின. முதல் வரனுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க அருப்புக்கோட்டை போனவர், காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, "பின்வாசல் எங்கன இருக்கு?" என்று கேட்டார். பின்வாசலில் நெல் மூட்டை அடுக்கியிருந்தது. காப்பியைக் கீழே வைத்துவிட்டு மூட்டையை நகர்த்த ஆரம்பித்துவிட்டார். "எங்க வீட்டுல வந்து எங்க மூட்டையத் தூக்குறாரு, நாளைக்கு எங்களையும் தூக்கிருவாரு" என்று அவர்கள் சொல்லியனுப்பினார்கள். இரண்டாவது வரனுக்கு அவர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். மச்சான் நாலு நாலு பேராக உள்ளே அனுப்பினார். மாப்பிள்ளையின் தாய்மாமன் கடைசி நாலில் மாட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் தெருவில் நின்றார். தாய்மாமனைத் தெருவில் நிறுத்திய வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

மூன்றாவது வரன் மதுரை. பையன் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. போட்டோவை இவள் தன் அத்தையிடம், அதாவது என் மனைவியிடம், திருப்பித் திருப்பிக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் நேரே நான் வேலை பார்த்த காலண்டர் கம்பெனிக்கே வந்தாள். அங்கே தினசரித் தாளில் ராகு காலத்தைப் பிழை பார்ப்பது என் உத்தியோகம்.

"மாமா, இந்த எடமும் தட்டிப் போச்சுன்னா இனிமே யாரும் வரமாட்டாக. எனக்கு இவரப் பிடிச்சிருக்கு. வீட்டுல வச்சுப் பாக்க வேண்டாம். எங்கிட்டாச்சும் வெளிய வச்சுப் பாக்கட்டும். அப்பா கைய வைக்க முடியாத எடமாப் பாருங்க."

நான் மூன்று நாள் யோசித்தேன். என் யோசனை இப்படி ஓடியது. ஓட்டல் என்றால் அது இன்னொருவன் இடம், மச்சான் அங்கே போர்மேன் இல்லை. வாய் நிறையச் சாப்பாடு இருந்தால் பேச்சும் வராது. அப்படியானால் எங்கே சாப்பாடு தீரவே தீராதோ அங்கே போக வேண்டும்.

அந்த வருஷம், இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, விருதுநகர் போகிற ரோட்டில் அப்படி ஓர் ஓட்டல் திறந்திருந்தார்கள். ஒரு அச்சக முதலாளி மெஷின் பார்க்கச் சீனா போனார். மெஷின் பிடிக்கவில்லை, அங்கே சாப்பிட்டது பிடித்துவிட்டது. மேஜைக்கு நடுவில் ஒரு பாத்திரத்தில் குழம்புத் தண்ணி கொதிக்கும். பச்சையாக நறுக்கிய கறி, மீன், இறால், காளான், கீரை எல்லாம் ஒரு பக்கம் பரப்பி வைத்திருப்பார்கள். வேண்டியதை அள்ளிவந்து, நாமே அதில் போட்டு வேகவைத்துத் தின்ன வேண்டும். எவ்வளவு வேண்டுமானாலும். ஊரில் அதற்குச் சீனாப் பானை என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் அதைப் பற்றி ஒரு பத்திரிகையில் விரிவாகப் படித்திருந்தேன். சீனாவில் எந்த மாகாணத்தில் காரம் அதிகம் என்பதுவரை தெரியும். பாத்திரம் கொதிக்க வேண்டுமென்றால் அதற்கடியில் தீ எரிய வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை. படிப்பு ஜாஸ்தியானால் இப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எட்டுப் பேர் போய்ச் சேர்ந்தோம். மச்சான், அக்கா, பெண், நான், என் மனைவி. அந்தப் பக்கம் பையன், அவன் அப்பா, அம்மா. பையனின் அப்பா நல்ல பாரியான மனிதர், சிரித்த முகம். இறங்கியதுமே என் கையைப் பிடித்துக்கொண்டு, "அளவில்லைன்னு சொன்னீங்கள்ல? காலையில இருந்து பச்சைத் தண்ணி குடிக்கல பாத்துக்கங்க" என்றார். நல்ல சம்பந்தம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். உள்ளே பலகையில் இரண்டு விதி எழுதியிருந்தது. ஒன்றரை மணி நேரம்தான் உட்காரலாம். எடுத்ததை மீதி வைத்தால் அபராதம். அதைப் பார்த்து நானும் அவரும் சேர்ந்து சிரித்தோம். நாமாவது, மீதி வைப்பதாவது!

மச்சான் வாசலில் குனிந்து தரையைத் தொட்டார். பையனின் அம்மா, "நல்ல பழக்கம்" என்று பையனைப் பார்த்துச் சொன்னார். எல்லாம் கூடிவருகிறது என்று நான் நினைத்த கடைசி நிமிடம் அது.

எட்டுப் பேருக்கு நீள மேஜை ஒன்றைச் சொல்லிவைத்திருந்தேன். மச்சான் அதைப் பார்த்தார். பிறகு மேஜை விரிப்பைத் தூக்கி அடியில் பார்த்தார். அங்கே, நாம் கால் வைக்கிற இடத்தில், ஒரு சின்ன சிலிண்டர் நின்றது. அதிலிருந்து மேலே அடுப்புக்குக் குழாய். மச்சான் விரிப்பை மெதுவாகக் கீழே விட்டார். சாமி படத்துக்குத் திரை போடுகிற மாதிரி.

"மாப்ளே" என்றார் என்னிடம், ரொம்ப மெல்லிய குரலில். "இங்கன எம்புட்டுப் பேரு உக்காந்திருக்காக?"

"ஓட்டல் மச்சான். எல்லாரும் சாப்பிட வந்தவுக."

"அது சரி. ஒவ்வொரு மேஜைக்கு அடியிலயும் ஒண்ணு இருக்கா?"

நான் குனிந்து பக்கத்து மேஜைக்கு அடியில் பார்த்தேன். இருந்தது. அடுத்த சில நிமிடங்களில் எங்கள் நீள மேஜை இரண்டு மேஜையானது. நாலு ஆண்கள் ஒன்றில், நாலு பெண்கள் மற்றதில். நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அளவு இடைவெளி. பெண்ணும் பையனும் ஒருவரையொருவர் பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை தூரம் வந்தது. இப்போது இருவரும் முதுகுக்கு முதுகு உட்கார்ந்திருந்தார்கள். பையன் கழுத்தைத் திருப்பினால் அவனுக்குத் தெரிந்தது என் மனைவியின் முகம். அது அப்போது பார்க்கத் தகுந்த நிலையில் இல்லை.

பையனின் அப்பா இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் தட்டோடு போய்விட்டார். இறால் ஒரு மலை, ஆட்டுக்கறி ஒரு மலை, உரித்த காடை, நூடுல்ஸ், பெயர் தெரியாத கீரை என்று மேஜை கொள்ளாமல் கொண்டுவந்து அடுக்கினார். சப்ளையர் வந்து அடுப்பைப் பற்றவைத்தார். அவருக்குச் சீனாக்காரர் மாதிரி பளபளவென்று ஒரு சட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். மச்சான் அதன் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது நைலான் கலந்ததுல்ல?"

"முதலாளி கொடுத்தது சார்."

"களட்டிருங்க."

"சார்?"

"பனியன் பருத்திதான? பனியனோட நில்லுங்க, ஒண்ணும் தப்பில்ல."

சொல்லிக்கொண்டே கையை நீட்டி அடுப்பை அணைத்தார். அப்படி ஒன்றும் ஆர்ப்பாட்டம் இல்லை, ஈ விரட்டுகிற மாதிரிதான். சப்ளையர் போய்விட்டார். பையனின் அப்பா அடுப்பைப் பற்றவைத்தார். மச்சான் பெண்கள் மேஜைக்குப் போய் அங்கே எரிந்ததை அணைத்துவிட்டுத் திரும்பினார். திரும்பி வந்து இதையும் அணைத்தார். அவர் தண்ணீர் வாளி கேட்கப் போனார். நான் பற்றவைத்தேன். வாளியோடு வந்தார், அணைத்தார். தண்ணி லேசாகச் சூடாகும், இரண்டு குமிழி வரும், அணைந்துவிடும். இறால் நிறம் மாறலாமா வேண்டாமா என்று யோசித்தபடி மிதந்தது.

பெண்கள் மேஜையிலிருந்து பையனின் அம்மா குரல் கேட்டது. மச்சான் அவர் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டு, "தாயி, தப்பா நினைக்காதீக. முந்தானை அடுப்புப் பக்கம் தொங்குது. இடுப்புல சொருகிக்கிட்டீகன்னா நல்லாருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் என்ன களை பறிக்கவா வந்திருக்கேன்?" என்றார் அந்த அம்மா.

"பட்டு மாதிரித் தெரியுது, ஆனா பட்டு இல்ல. அதனால சொன்னேன்."

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். பெண் பார்க்க வந்த அம்மாவின் சேலை பட்டில்லை என்று ஓட்டல் நடுவில் அறிவித்தபின் நான் என்ன ஏற்பாடு செய்து என்ன?

பையனின் அப்பாவின் சிரிப்பு அதற்குள் பாதியாகத் தேய்ந்திருந்தது. "அண்ணே" என்றார் மச்சானிடம், "நீங்க சாப்பிடலைன்னாலும் பரவாயில்லை. எனக்கு ஒரு அஞ்சு நிமிசம் அதை எரியவிடுங்க. தலை சுத்துது."

"பசியா? எலுமிச்சம்பழச் சாறு சொல்லட்டுமா? அதுக்கு அடுப்பு வேண்டாம்."

கடைசியில் முதலாளியே வந்துவிட்டார். எங்கள் மேஜையைச் சுற்றி இரண்டு தண்ணி வாளி, பனியனோடு ஒரு சப்ளையர், பச்சைக்கறி மலை. "அண்ணாச்சி, சீனாவுல போய்ப் பாருங்க. கோடி ஜனம் இப்படித்தான் சாப்பிடுறாக. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல" என்றார்.

"வெடியவே அவுகதான கண்டுபிடிச்சாக" என்றார் மச்சான். "அவுக பழகியிருப்பாக. நம்ம ஊருக்கு ஏன் முதலாளி?"

மச்சான் பட்டாசு ஆபீஸ் ஆள் என்று முதலாளிக்கு உள்ளூரப் புரிந்திருக்க வேண்டும். அவரும் சிவகாசிக்காரர் இல்லையா? கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் ஓடியிருந்தது. எனக்குள் சாப்பாட்டு ஆசை செத்து, அபராதம் மட்டும் உயிரோடிருந்தது. அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். மடியில் கைவைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். மூன்றாவது வரனும் கண்ணெதிரே அணைந்துகொண்டிருந்தது. பையனின் அம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டார்.

அப்போது அவள் எழுந்து எங்கள் மேஜைக்கு வந்தாள். அழவில்லை. கணக்குப் பார்க்கிற முகம்.

"அப்பா, வாசக் கதவப் பாத்தீகளா?"

"என்ன?"

"உள்பக்கமாத் தொறக்குது. அம்புட்டுப் பேரும் ஒண்ணா ஓடுனா அது தொறக்காது. யாராச்சும் அதத் தொறந்து பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அதுக்கு இங்க ஒரு ஆளும் போடல."

மச்சான் கதவைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. வந்து இவ்வளவு நேரம் ஆகியும் தான் அதைக் கவனிக்கவில்லையே என்ற வெட்கம். "அதச் சொன்னியே தாயி" என்று எழுந்து, ஒரு வாளியையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

அவள் அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேஜையில் இப்போதும் நாலு பேர்தான். எதிரே பையன். துப்பட்டாவை இழுத்து முடிச்சுப் போட்டாள், குழாயை ஒரு தரம் தடவிப் பார்த்தாள், அடுப்பைப் பற்றவைத்தாள். தீ முழுசாக எரிந்தது. வாழ்நாளில் அவள் அடுப்பை அந்த அளவுக்குத் திருகியது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பிறகு மேஜைக்கடியில் பார்த்துவிட்டு, பையனிடம் தன் முதல் வார்த்தையைப் பேசினாள்.

"ஷூவக் களட்டிருங்க. சிலிண்டர்ல இடிக்குது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பாவை வாசலுக்கு அனுப்பிவிட்டு அவர் நாற்காலியில் மறுபடி அந்த அப்பாவே வந்து உட்கார்ந்துவிட்டது போலிருந்தது. கண்ணைத் திறந்தபோது பையன் குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். சாக்ஸையும் உருவினான். கையில் பிடித்தபடி, "எங்க வைக்க?" என்று கேட்டான்.

"வழியில வைக்காதீக. அந்த மூலையில."

எழுந்து போய் மூலையில் வைத்துவிட்டு வெறுங்காலோடு வந்து உட்கார்ந்தான். இருவரும் சிரித்தார்கள். பையனின் அம்மா அங்கிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

பாத்திரம் ஒருவழியாகக் கொதிக்க ஆரம்பித்தது. பையனின் அப்பா முதல் இறாலை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். அதே கணம் சப்ளையர், சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு வந்து, "டைம் ஆச்சு சார், அடுத்த பார்ட்டி நிக்கிறாங்க" என்றார்.

வாசலில் மச்சான் கதவை அகலத் திறந்து தோளால் முட்டுக்கொடுத்து நின்றிருந்தார். ஏ.சி. குளிர் முழுக்க விருதுநகர் ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்து வெளியே வந்த ஒரு குடும்பம் அவர் கையில் பத்து ரூபாயை வைத்துவிட்டுப் போனது. அவர் அதை அப்படியே கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்து, "கதவ மாத்தி மாட்ட வச்சுக்கோங்க" என்றார். நான் அபராதம் கட்டிக்கொண்டிருந்தேன். வேகாத கறி மலை மலையாகத் திரும்பிப் போனது. வெளியே காரில் ஏறுமுன் பையனின் அப்பா என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: "இந்நேரம் விருதுநகர்ல பொரிச்ச பரோட்டா கிடைக்குமா?"

வீட்டில் என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தேவையானதை மகன் மூலம் சொல்லியனுப்பினாள். "படிச்ச படிப்புக்கு அடுப்பில்லாத ஓட்டல் ஒண்ணு கண்டுபிடிக்க முடியலையான்னு கேளு" என்பது போன்ற செய்திகள். மதுரையிலிருந்து தகவல் இல்லை. பெண் தினமும் கம்பெனியிலிருந்து எனக்குப் போன் செய்து, எதுவும் கேட்காமல், "சும்மாதான் மாமா" என்று வைத்துவிடுவாள். அந்தச் சும்மா என்னைப் படுத்திய பாட்டில் ராகு காலம் இரண்டு நாள் தப்பாக அச்சாகிவிட்டது.

பிறகு ஒரு நாள் பையனின் அப்பாவே பேசினார். "எம் பையன் வீட்டுக்குள்ள ஷூவோட நடக்கிறவன். அவங்க அம்மா சொல்லிச் சொல்லித் தொண்டை வத்திப் போச்சு. உங்க பொண்ணு ஒரு வார்த்தை சொன்னா, கழட்டி மூலையில வச்சுட்டான். வீட்டுக்காரி அன்னைக்கே முடிவு பண்ணிட்டா. சேலை விசயத்துலதான் கோவம் தணிய ஒரு வாரம் ஆச்சு." கொஞ்சம் நிறுத்தி, "கல்யாணத்தை மட்டும் மண்டபத்துல வேண்டாம். பொட்டல்ல பந்தல் போட்டு வச்சுக்குவோம்" என்றார்.

நான் அந்த நிமிடமே வண்டியை எடுத்துக்கொண்டு விஸ்வநத்தம் போனேன். ஒரு வாரம் பட்ட அவமானத்துக்குச் சேர்த்து ஒரு நல்ல வார்த்தையாவது வாங்கிவிட வேண்டும் என்ற வெறி. மச்சான் வாசலில் நின்று வாளியில் தண்ணி மாற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அந்த ஓட்டலை நான் பிடித்திருக்காவிட்டால் இது நடந்திருக்குமா என்பதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கண் கலங்கியது. துண்டால் துடைத்துக்கொண்டு என் தோளில் கைவைத்தார்.

"சந்தோசம் மாப்ளே. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீக. நாலு பேரச் சாப்பிடக் கூப்பிட்டா, அடுப்பு ஒழுங்கா எரியுற எடமாப் பாத்துக் கூப்பிடணும். அன்னைக்கு ஒண்ணுமே வேகல."